பேசும் தந்தை: ‘காதலிக்க நேரமில்லை’ விசுவநாதன் பாத்திரம் பற்றிய ஒரு மெய்ப்பாட்டியல் நோக்கு

முன்னுரை

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் சோளக்காடு என்பது ஓர் ஊர். காரவள்ளியினின்று எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறுவார்க்கு அவ்வூரின் சந்தை நன்கு தெரியும். மிளகும் வாழையும் பலாவும் அன்னாசியும் அங்கு வந்து கூடும். மலைவாழ் மக்களின் வழக்குச் சொற்களைத் தொகுக்கும் பொருட்டு முதுகலை மாணவர் சிலருடன் யாம் அவ்வூரில் சில நாள் தங்கியிருந்தோம். ஓர் இரவு, எமக்குச் சொற்கள் பல கூறி உதவிய முதியவர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தபோது, உள்ளே தொலைக்காட்சியில் ‘காதலிக்க நேரமில்லை’ என்னும் பழைய திரைப்படம் ஓடிக்கொண்டிருந்தது. மாணவரும் வீட்டாரும் ஒருங்கே நகைத்தனர். முதியவரும் நகைத்தார். ஆயினும், படத்தில் வரும் தந்தை மாப்பிள்ளையின் செல்வநிலையை ஆராயும் இடத்தில் மட்டும் அவர் முகம் மாறியது. “பொண்ணு குடுக்கறவன் நாலும் வெசாரிக்கத்தானுங்க வேணும். அதுல என்னங்கையா சிரிப்பு?” என்று அவர் எம்மை நோக்கி வினவினார். அவருக்கு மணமாகாத மகள் ஒருத்தி உண்டு என்பதைப் பின்னரே அறிந்தோம்.

அன்று எம்மால் அவ்வினாவிற்கு விடை கூற இயலவில்லை. மாணவரும் வாளா இருந்தனர். திரைப்படத்தை இலக்கிய ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொள்ளலாமா என ஐயுறுவார் இன்றும் உளர். அவ்வையத்தினும் அம்முதியவரின் வினாவே எமக்குப் பெரிதாகத் தோன்றியது. கடுகடுத்த தந்தையைக் கண்டு நாம் நகுவது எதனால்? அந்நகை தந்தைமையையே எள்ளுகின்றதா? அன்றி, தந்தையிடத்துள்ள பிறிதொன்றை எள்ளுகின்றதா? இவற்றைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் அகத்திணை மரபும் துணையாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

படமும் பாத்திரமும்

ஸ்ரீதர் இயக்கிய ‘காதலிக்க நேரமில்லை’ 1964 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் வெளிவந்தது. ‘கல்யாணப் பரிசு’ (1959), ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) ஆகிய அவலச் சுவைப் படங்களால் பெயர் பெற்றிருந்த அவர், முழுதும் நகைச்சுவையாகிய ஒரு கதையை வண்ணப் படமாக ஆக்கியது அக்காலத்தில் புதுமையாக இருந்தது. அதன் உரையாடலில் சித்ராலயா கோபுவின் பங்கு பெரிது. ஒளிப்பதிவு வின்சென்ட்; இசை விசுவநாதன்–இராமமூர்த்தி; பாடல்கள் கண்ணதாசன். வெளிப்புறக் காட்சிகள் பல பொள்ளாச்சியை அடுத்த ஆழியாற்றில் எடுக்கப்பெற்றன.

கதை சிறிது. சின்னமலை எஸ்டேட்டின் உடைமையாளர் விசுவநாதன். அவருக்குக் காஞ்சனா, நிர்மலா என மகளிர் இருவர். செல்லப்பா என மகன் ஒருவன். மகளிர்க்குச் செல்வர் வீட்டு மணமகன் வேண்டும் என்பது தந்தையின் உறுதி. மகனோ திரைப்படம் எடுக்கப் போவதாகக் கூறித் தந்தையின் பொருளை நாடுகின்றான். எஸ்டேட்டில் பணியாற்றிய அசோக் என்பான் நிர்மலாவோடு பூசலிட்டு வேலை இழக்கின்றான், வீட்டெதிரே கூடாரம் அடித்துப் போராடுகின்றான், பூசல் காதலாகின்றது. தந்தையின் இசைவைப் பெறும் பொருட்டுத் தான் ஒரு பெருஞ்செல்வரின் மகன் எனப் பொய் புகல்கின்றான். அப்பொய்யைக் காக்கத் தன் நண்பன் வாசுவை முதியவராக வேடம் புனைவித்துத் தந்தையாக்குகின்றான். வாசுவோ காஞ்சனாவின் காதலன். உண்மையிலேயே செல்வர் ஒருவரின் மகன். இம்முடிச்சுகள் யாவும் விசுவநாதன் ஒருவரைச் சுற்றியே விழுந்து, அவரைச் சுற்றியே அவிழ்கின்றன.

இப்பாத்திரத்தை ஏற்றவர் டி. எஸ். பாலையா. 1936 இல் ‘சதிலீலாவதி’யில் தோன்றிய அவர் நெடுங்காலம் தீயோர் பாத்திரங்களில் நடித்துப் புகழ் கொண்டவர். ‘திருவிளையாடல்’ (1965) படத்தில் செருக்குமிக்க ஏமநாத பாகவதராகவும், ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தில் தவில் கலைஞராகவும் தோன்றியவரும் அவரே. தன்னைப் பெரியவனாக எண்ணும் ஒருவன் சிறுகச் சிறுக இறங்கி வருதலைக் காட்டுதல் அவர்தம் நடிப்பின் தனித்திறம். விசுவநாதன் பாத்திரத்திற்கும் அதுவே உயிர்நிலை.

அகத்திணையில் தந்தை

சங்க அகப்பாடல்களைப் பயில்வார் ஓர் உண்மையை எளிதில் உணர்வர். தலைவி பேசுகின்றாள், தோழி பேசுகின்றாள், செவிலியும் நற்றாயும் பேசுகின்றனர், கண்டோரும் பேசுகின்றனர். தந்தை பேசுவதில்லை. களவிலும் கற்பிலும் கூற்று நிகழ்த்துதற்குரியோரைத் தொல்காப்பியர் செய்யுளியலில் வரையறுக்கும்போது தந்தைக்கு அங்கு இடம் தரவில்லை. ‘எந்தை’, ‘நுந்தை’ எனப் பிறர் வாயில் அவன் பெயர் வரும். அவன் வீட்டின் காவலும், அவன் சினமும், அவன் மறுக்கும் வரைவும் காதலர்க்கு இடையூறாக நிற்கும். ஆயினும் அவன் குரலை நாம் கேட்பதில்லை. புறத்திணையில் மகட்பாற்காஞ்சித் துறையில் மகளை வேண்டி வரும் வேந்தர்க்கு மறுக்கும் தந்தை தெளிவாகத் தோன்றுகின்றான். அங்கும் அவன் நிலையைப் புலவரே எடுத்துரைக்கின்றனர்.

களவு வெளிப்படும் நெறியும் ஈண்டு நோக்கத்தக்கது. தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தன்னையர்க்கும் உண்மையைப் புலப்படுத்துவர். இதனை அறத்தொடு நிற்றல் என்பர். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு முழுதும் இத்துறையைச் சார்ந்ததே. தந்தையும் தன்னையரும் குறிப்பினால் உணர்வர் என்பது தொல்காப்பியர் கருத்து. ‘முன்னம்’ என்பது அவர் ஆளும் சொல். எனவே அகத்துத் தந்தை பேசாதவன், ஆயின் உணர்பவன்.

விசுவநாதனை இதனோடு ஒப்பிட்டால் படத்தின் அமைப்பு முழுதும் புலனாகும். அவர் ஓயாது பேசுகின்றார். ஆயின் எதனையும் உணர்வதில்லை. தம் வீட்டுக் கூடத்திலேயே மகளிர் இருவரின் காதலும் நிகழ, அவர்க்கு ஒரு குறிப்பும் எட்டவில்லை. அகத்துத் தந்தையின் இரு பண்புகளும் ஈண்டுத் தலைகீழாயின. இத்தலைகீழ் மாற்றமே படத்தின் நகைக்கு முதற் காரணம் என யாம் கருதுகின்றோம்.

மற்றொன்றும் உண்டு. விசுவநாதன் வீட்டில் தாய் இல்லை, செவிலியும் இல்லை. அறத்தொடு நிற்றலுக்குரிய தொடர் இடையில் அற்றுப்போகின்றது. மகளிர் மனத்தை அறிந்து தந்தைக்கு இதமாக எடுத்துரைப்பார் ஒருவரும் அவ்வீட்டில் இலர். ஆதலின் காதலன் தானே நேரில் வந்து நிற்க நேர்கின்றது. நேரில் வந்தவன் மெய் கூறத் துணியாது பொய் கூறுகின்றான். அறத்தொடு நிற்கும் வகைகளாகத் தொல்காப்பியர் பொருளியலில் கூறும் ஏழனுள் ஏத்தல் ஒன்று. தலைவனது பெருமையை உயர்த்திக் கூறுதல் அது. தோழி கூற வேண்டிய ஏத்தலைத் தலைவன் தனக்குத் தானே கூறிக்கொள்வதும், அதனைப் பொய்யாகக் கூறுவதுமே அசோக்கின் சூழ்ச்சியாகும். அவ்வேழனுள் இறுதியாக வைக்கப்பெற்றது உண்மை செப்பல். படமும் அவ்வாறே உண்மை செப்பலில் முடிகின்றது. இயக்குநர் தொல்காப்பியத்தை நோக்கிக் கதை அமைத்தார் என யாம் கூறவில்லை. மணம் பேசும் வீடுகளின் நடைமுறை அன்றும் இன்றும் ஒத்திருத்தலின் இவ்வமைப்பும் ஒத்து வந்தது என்பதே எம் கருத்து.

வெகுளியும் நகையும்

நகைக்கு நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினைத் தொல்காப்பியர் கூறுவர். விசுவநாதன் பாத்திரத்தில் விளங்குவது இவற்றுள் எது?

படத்தை மேலெழுந்தவாரியாக நோக்குவார் எள்ளல் என்பர். இளையோர் முதியவரை எள்ளுகின்றனர் எனக் கொள்வர். யாம் அவ்வாறு கொள்ளவில்லை. அகத்திணையில் தலைவிக்குரிய பண்பாகச் சொல்லப்பெறும் மடத்திற்கு, பிறர் கொளுத்தியதைக் கொண்டு, கொண்டதை விடாதிருத்தல் என உரையாளர் பொருள் காண்பர். இளம் பெண்ணுக்கு உரியதாகச் சொல்லப்பெற்ற இப்பண்பு முதிய தந்தையிடத்துக் குடிகொண்டிருத்தலே ஈண்டு நகை விளைக்கின்றது. செல்வமே மணத்திற்கு அளவுகோல் என உலகம் அவர்க்குக் கற்பித்தது, அதனை அவர் பற்றிக்கொண்டார், விட மாட்டார். எவரேனும் ‘செல்வர்’ என்ற சொல்லைக் கூறிவிட்டால் அதன்பின் அவர் ஒன்றையும் ஆராய்வதில்லை. சினமிகுந்தவரை ஏமாற்றுதல் அரிது எனப் பொதுவாக எண்ணுவர். விசுவநாதனை ஏமாற்றுதல் மிக எளிது. அவர் சினம் ஒரு கதவு. அதற்குத் திறவுகோல் ஒன்றே. அத்திறவுகோலை எவரும் அறிவர்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு மரியாதைப் பன்மை பற்றியது. வேலையினின்று விலக்கப்பெற்ற அசோக்கை விசுவநாதன் முன்னர்ப் பொருட்படுத்தவில்லை. அவன் பெருஞ்செல்வரின் மகன் என அறிந்த அளவில் ‘அசோக்’ என்ற பெயர் ‘அசோகர்’ ஆகின்றது. ‘மகன்’ என்னும் முறைப்பெயரும் ‘மகர்’ ஆகின்றது. இலக்கணம் பயின்றார்க்கு இவ்விடம் தனிச்சுவை தரும். ஒருவரைப் பன்மையாற் கூறுதல் வழக்கினால் வந்த உயர்சொல்லேயன்றி இலக்கண நெறிப்பட்டதன்று எனத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் உரைத்தார். உயர்வு சொல்லுக்குரியதன்று, சொல்லப்படுவோனுக்கு உரியது என்பது அதன் உட்கோள். ஈண்டோ சொல்லப்படுவோன் மாறவில்லை. நேற்று இருந்த அதே இளைஞன் இன்றும் நிற்கின்றான். விகுதி மட்டும் மாறுகின்றது. விகுதி மாறும்போது பாலையாவின் முதுகு வளைகின்றது, குரல் இழைகின்றது, கை தானே குவிகின்றது. பணத்தின்பால் அவர்க்குள்ள பணிவை ஒரு நீண்ட உரையாடலால் காட்டுதற்கு மாறாக, ஓர் ஒற்றால் காட்டினர்.

கதை கூறும் காட்சி

இப்படத்தை நினைவுகூர்வார் அனைவரும் முதற்கண் குறிப்பிடுவது, செல்லப்பா தன் தந்தைக்குத் திரைக்கதை கூறும் காட்சியாகும். செல்லப்பாவாக நடித்த நாகேஷ் இருளையும் காலடி ஓசையையும் கதவு திறக்கும் ஒலியையும் தம் குரலாலேயே படைத்து அச்சக்கதை ஒன்றைச் சொல்ல, பாலையா கேட்டு நடுங்குகின்றார். இக்காட்சியின் பெருமையை நாகேஷுக்கே உரியதாக்குதல் பொது வழக்கு. அவர் திறத்தை யாம் மறுக்கவில்லை. எனினும் அக்காட்சியில் நாம் நகைப்பது கதை கூறுவானைக் கண்டன்று, கேட்பவரைக் கண்டே.

மெய்ப்பாட்டியல் உரையில் பேராசிரியர் ஒரு நுட்பத்தை விளக்குவர். பேயையோ புலியையோ கண்டு அஞ்சினான் ஒருவனை மற்றொருவன் காணும்போது, காண்பானுக்கு அச்சம் பிறவாது. நகையோ இரக்கமோ தான் பிறக்கும் என்பது அவர் கருத்து. இக்காட்சிக்கு இதனினும் பொருத்தமான உரை வேறில்லை. விசுவநாதன் கதையில் வரும் பேயைக் காண்கின்றார். நாம் விசுவநாதனைக் காண்கின்றோம். அவர்க்கு அச்சம், நமக்கு நகை.

அம்மட்டோ? வீட்டார் அனைவரையும் அச்சுறுத்தி ஆளும் ஒருவர், பொருள் கேட்டு வந்த மகனின் முன் அமர்ந்து, இல்லாத பேய்க்கு அஞ்சுகின்றார். அவர்தம் கடுகடுப்பின் அடியில் ஓர் அச்சம் என்றும் இருந்தது என்பது அவ்வேளையில் வெளிப்படுகின்றது. தாயில்லா மக்கள் மூவரை வளர்த்தவர்; மகளிர் இருவரையும் நல்லிடத்தில் சேர்க்க வேண்டியவர்; மகனோ பொறுப்பற்றவன். அவ்வச்சத்தை அவர் ஒருபோதும் சொல்வதில்லை, சினமாகவே காட்டுகின்றார். பேராசிரியர் நகையோடு இரக்கத்தையும் சேர்த்துக் கூறியதன் அருமை இவ்விடத்து விளங்கும்.

இப்படம் தெலுங்கில் 1965 இலும் இந்தியில் ‘பியார் கியே ஜா’ என 1966 இலும் மீண்டும் எடுக்கப்பெற்றது. இந்தியில் ஓம் பிரகாசும் மெகமூதும் இக்காட்சியை நடித்துப் புகழ் பெற்றனர். மொழி கடந்தும் இக்காட்சி நின்றமைக்குக் காரணம், அது சொல்லால் அமைந்ததன்று, கேட்பவர் மெய்யில் தோன்றும் மெய்ப்பாட்டால் அமைந்தது என்பதே.

பிறநாட்டு ஒப்புமை

கடுகடுத்த முதியவர் காதலர்க்குத் தடையாக நிற்பதும், தடை நீங்கி மணம் நிகழ்வதும் மேலை நாட்டு இன்பியல் நாடகத்தின் மிகப் பழைய அமைப்பாகும். கிரேக்க நாடக ஆசிரியர் மெனாந்தர் கி.மு. 316 இல் அரங்கேற்றிய ‘டிஸ்கோலஸ்’ என்னும் நாடகம், ஏறத்தாழ முழுமையாக ஒரு பாப்பிரசுச் சுவடியிற் கிடைத்து, 1958 இல் பதிப்பிக்கப்பெற்றது. அதன் தலைமைப் பாத்திரம் க்நேமோன் என்னும் முதிய உழவன். மனிதரைக் கண்டாலே சீறுபவன். அவன் மகளைச் செல்வர் மகன் ஒருவன் காதலிக்கின்றான். முதியவன் கிணற்றில் விழுகின்றான். தான் வெறுத்தவர்களாலேயே காக்கப்பெறுகின்றான். அதன்பின், பிறர் உதவியின்றி வாழ இயலும் எனத் தான் எண்ணியது பிழை என வெளிப்படையாக ஒப்புக்கொள்கின்றான்.

ஒப்புமையினும் வேற்றுமையே ஈண்டுப் பயன் தருவது. க்நேமோன் மனிதரை வெறுத்தவன். விசுவநாதன் மனிதரைப் பணத்தால் அளந்தவர். முன்னவன் தன் பிழையைத் தானே கூறித் திருந்துகின்றான். பின்னவர்க்கு அத்தகைய ஓர் இடத்தைப் படம் அளிக்கவில்லை.

படத்தின் குறை

குறை காணாது புகழ்தல் திறனாய்வாகாது. இப்படத்தின் முடிவில் நாம் மனநிறைவு கொள்ளாமைக்குக் காரணம் ஒன்று உண்டு. வேடம் கலைந்து உண்மை வெளிப்படும்போது விசுவநாதன் சினக்கின்றார், பின் இசைகின்றார். இவ்விரண்டற்கும் இடையே உள்ள வெளி மிகச் சிறிது. அவர் உண்மையில் மனம் மாறினாரா? அன்றிக் களைத்து இசைந்தாரா? படம் விடை தரவில்லை. மூன்று இணைகளுள் வாசு மெய்யாகவே செல்வன். ஆதலின் தந்தையின் அளவுகோல் அவன்வரை பழுதின்றி நிறைவேறிவிட்டது. அசோக்கும், எஸ்டேட் மேலாளரின் மகளாகிய மீனாட்சியும் எளிய குடியினர். இவ்விருவரையும் ஏற்றுக்கொள்வதில்தான் அவர்தம் மாற்றம் விளங்க வேண்டும். அவ்விடத்தில் படம் விரைந்து செல்கின்றது. நகையின் ஓட்டம் தடைபடும் என இயக்குநர் கருதியிருக்கலாம். எனினும் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ எடுத்த கைக்கு அவ்வொரு கணம் அரிதன்று.

மூன்றாண்டுகளின் பின்னர் வெளிவந்த கே. பாலசந்தரின் ‘பாமா விஜயம்’ (1967) படத்தில் பாலையா மீண்டும் தந்தையாகத் தோன்றினார். அங்கே பகட்டினால் மயங்குவோர் மக்களும் மருமகளிருமே. தந்தை அவர்களைத் திருத்துபவர். விசுவநாதனிடத்து இருந்த மயக்கம் ஆண்டு இளையோரிடம் சென்று சேர்ந்தது. விசுவநாதனிடம் இல்லாத தெளிவு தந்தையிடம் வந்து சேர்ந்தது. ஒரே நடிகரின் இவ்விரு தந்தையரையும் ஒருங்கு வைத்து நோக்கினால், முன்னைப் படம் சொல்லாது விட்டதைப் பின்னைப் படம் சொல்லி முடித்தது போலத் தோன்றும். ஆயினும் திருத்துபவரைக் கண்டு நாம் மதிக்கின்றோம். திருந்த வேண்டியவரைக் கண்டே நகைத்து, நகைத்தபின் இரங்குகின்றோம். மனத்தில் நெடிது நிற்பவர் விசுவநாதனே.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் போதருவன இவை. அகத்திணை மரபில் பேசாது உணர்ந்த தந்தை, இப்படத்தில் உணராது பேசுகின்றார். நகையின் தோற்றுவாய் இதுவே. அவர் பாத்திரத்தில் விளங்கும் நகைக்களன் எள்ளலன்று, மடன். அறத்தொடு நிற்பார் இல்லாத வீட்டில் பொய் அவ்விடத்தை நிரப்புகின்றது. அச்சமே அவர்தம் சினத்தின் அடிப்படை. ஆதலின் நகையோடு இரக்கமும் உடன் பிறக்கின்றது.

சோளக்காட்டு முதியவர்க்கு அன்று கூறாத விடையை இனிக் கூறலாம். கொல்லிமலை மலையாளி மக்களிடையே பெண்ணுக்குப் பரியம் தரும் பழைய வழக்கு உண்டு. மணம் பேசும்போது வினவுதல் தந்தையின் கடமை என்பது அவர் வாழ்வில் கண்ட உண்மை. அக்கடமையை இப்படம் எள்ளவில்லை. விசுவநாதன் வினவியதில் பிழை இல்லை. மணமகனைப் பற்றி ஒன்றே வினவி, அதற்கு வந்த விடையையும் ஆராயாது நம்பினார் என்பதே பிழை. நாலும் விசாரிக்க வேண்டும் என அம்முதியவர் கூறினார். நான்கனுள் ஒன்றை மட்டும் விசாரித்த தந்தையைக் கண்டே நாம் நகைக்கின்றோம். அடுத்த முறை அம்மலைக்குச் செல்லும்போது இதனை அவரிடம் கூறி, அவர் உடன்படுகின்றாரா என அறிய விழைகின்றோம்.

தமிழ்த் திரைப்படங்களில் தந்தைப் பாத்திரம் பெற்ற வளர்ச்சியை அகத்திணைக் கூற்று மரபோடு ஒப்பிட்டு விரிவாக ஆராய்தற்கு இடம் உண்டு. முதுகலை மாணவர் அத்துறையில் முயல்வாராயின் இக்கட்டுரை தன் பயனை எய்தியதாகும்.